நெல்லையில் வில்லும் மகுடமும் நேரில் கேட்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்பார்கள். தூய சவேரியார் கல்லூரி, தூய யோவான் கல்லூரி, சாராள் தக்கர் கல்லூரி, சதக்கத்துல்லா அப்பா கல்லூரி எல்லாம் இந்தப் பக்கம். தாமிரபரணிக்கு அந்தப் பக்கம் பேட்டையில் ம.தி.தா. இந்துக் கல்லூரி, அபிஷேகப்பட்டியில் 1990-இல் தொடங்கிய மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம். வருஷா வருஷம் வெளியூர்ப் பிள்ளைகள் பெட்டியும் வாளியுமாக வந்து இறங்குகிறார்கள். அவர்களில் பாட்டுக் கிறுக்குப் பிடித்த சிலர் எப்படியோ என்னைத் தேடிப் பிடித்துவிடுகிறார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள். நானும் அப்படிப் பெட்டியோடு வந்தவன்தான் என்பதால் பதிலை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நாட்டார் இசையை நேரில் கேட்க எந்த அரங்குக்குப் போக வேண்டும்? டிக்கெட் எங்கே கிடைக்கும்?

அரங்கும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. நெல்லைச் சீமையில் வில்லுப்பாட்டு, மகுடம் என்ற தோல்வாத்தியத்தோடு ஆடும் கணியான் கூத்து, நையாண்டி மேளம் மூன்றுமே கோயில் கொடையில் நடப்பவை. சுடலைமாடன், முத்தாரம்மன், இசக்கியம்மன், உச்சினிமாகாளி என்று தெருவுக்கு ஒரு சாமி இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை அந்தச் சாமிக்கு ஊர் வரி போட்டுக் கொடுக்கும் விழாவுக்குக் கொடை என்று பெயர்.

வில்லைப் பெரும்பாலும் சாமியைப் பார்த்தபடிதான் வைப்பார்கள். சனம் இரண்டு பக்கமும் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும். முதல் முறை போனபோது எனக்கு இது புரியவில்லை. பாடுகிறவர் நம் பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறாரே என்று நினைத்தேன். அவருக்குச் சம்பளம் தருவது ஊர், கேட்பது சாமி. நாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

மேடை வில்லுப்பாட்டு வேறு. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் அதைக் கோயிலுக்கு வெளியே கொண்டுவந்தார். நெல்லைப் பக்கத்துச் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் (1928–2022) வானொலியிலும் சென்னைச் சபாக்களிலும் பாடி நாடெங்கும் பரப்பினார். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சுவையான கலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துபோகும் அதைக் கேட்டுவிட்டு வில்லுப்பாட்டு கேட்டாயிற்று என்று ஊருக்குப் போகாதீர்கள்.

கொடை எந்த மாதம் வரும்?

பங்குனிக் கடைசியில் சூடு பிடிக்கும். சித்திரை, வைகாசியில் ஊர் ஊராக நடக்கும். ஆடி, ஆவணியில் இன்னொரு சுற்று. கிழமை பெரும்பாலும் செவ்வாய் அல்லது வெள்ளி. மாணவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு: சித்திரை, வைகாசி என்பது தேர்வும் கோடை விடுமுறையும். ஹாஸ்டல் காலியாக இருக்கும்போதுதான் ஊரில் மேளம் கேட்கும். அதனால் முதல் வருஷம் ஆடியைக் குறிவையுங்கள். கல்லூரி திறந்திருக்கும், காற்றும் நன்றாக இருக்கும்.

எந்தக் கோயிலில் என்று கொடை என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

சுவரைப் பாருங்கள். கொடைக்கு ஒரு வாரம், பத்து நாளுக்கு முன்னால் போஸ்டர் ஒட்டிவிடுவார்கள். சாமி படத்துக்குக் கீழே பந்தக்கால் நடும் கால்நாட்டு, சாமியை அழைக்கும் குடியழைப்பு, பகல் பூசையான மதியக்கொடை, நள்ளிரவுப் பூசையான சாமக்கொடை என்று நாளும் நேரமும் இருக்கும். இன்னும் கீழே, நன்கொடையாளர் பெயர்களுக்கு நடுவே, வில்லிசைக் குழு எந்த ஊர், மகுடம் எந்த ஊர், மேளம் எந்த ஊர் என்று போட்டிருக்கும். நாம் படிக்க வேண்டியது அந்த வரியைத்தான்.

போஸ்டரைவிட நம்பகமான ஆள் ஒருவர் இருக்கிறார்: சவுண்ட் சர்வீஸ்காரர். எந்தக் கோயிலுக்கு என்று குழாய் ஸ்பீக்கர் கட்ட வேண்டும் என்று மூன்று மாதத்துக்கு அவர் டைரியில் இருக்கும். பந்தல்காரருக்கும் பூக்கட்டுகிறவருக்கும் அதே மாதிரி தெரியும். டீக்கடையில் நின்று, “அண்ணாச்சி, இந்த வாரம் பக்கத்துல எங்க வில்லு?” என்று கேட்டால் போதும். கடையில் நாலு பேர் இருந்தால் நாலு பேரும் பதில் சொல்வார்கள். அதில் இரண்டு பேர் எந்தப் புலவர் நன்றாகப் பாடுவார் என்று சண்டை பிடிக்கத் தொடங்குவார்கள். அந்தச் சண்டையைக் கவனமாகக் கேளுங்கள், அதுதான் விமர்சனம்.

நகரத்துக்குள்ளேயே வண்ணார்பேட்டை, தச்சநல்லூர், டவுண், பாளை என்று எல்லாப் பக்கமும் கொடை நடக்கும். கொஞ்சம் வெளியே போக முடிந்தால் சீவலப்பேரி சுடலைமாடன் கோயில் இந்தப் பகுதியில் பேர் போனது.

வில்லிசை, மகுடம், நையாண்டி என்று போட்டிருக்கிறதே, எதுக்குப் போவது?

மூன்றும் இருக்கும் கொடைக்கு. எல்லா ஊருக்கும் அது கட்டுப்படியாகாது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் என் ஓட்டு மகுடத்துக்கு. ஏன் என்று சொல்கிறேன்.

வில்லுப்பாட்டை எப்படியும் எங்காவது கேட்டிருப்பீர்கள். ஆள் நீளத்தைத் தாண்டிய வில், பழைய வில் என்றால் பனை வைரத்தில் செய்தது. நாணில் மணிகள் தொங்கும். வில்லின் வளைவு ஒரு மண்குடத்தின் கழுத்தோடு கட்டப்பட்டிருக்கும். குடம் தரையில் ஆடாமல் இருக்க அடியில் வைக்கோல் பிரிமணை. பாடும் புலவர் வீசுகோலால் நாணை அடிக்க, குடக்காரர் மட்டை போன்ற பத்தியால் குடத்தின் வாயில் அறைய, உடுக்கை, ஜால்ரா, கட்டை எல்லாம் சேர்ந்துகொள்ளும். புலவர் பக்கம் வலத்தே, எதிர்ப்பாட்டுக்காரர்கள் பக்கம் இடத்தே. வலத்தே ஒரு வரியைப் போட்டால் இடத்தே அதை வாங்கித் திருப்பிப் போடும். நல்ல குழுவில் இந்தக் கொடுக்கல் வாங்கலில் மூச்சு விடுகிற இடைவெளிகூட இருக்காது.

வில்லில் பெண்களும் உண்டு. தலைமைப் புலவராகவே பாடியவர்கள் உண்டு. கன்னியாகுமரிப் பக்கத்துப் பூங்கனி அம்மாள் சிறு வயதிலேயே பாடத் தொடங்கி அந்த வட்டாரத்தையே கட்டி வைத்திருந்தவர். 2018-இல் மறைந்தார்.

இனி மகுடம். கணியான் கூத்து என்பதும் மகுடாட்டம் என்பதும் இதைத்தான். அண்ணாவி என்ற தலைமைப் பாடகர், பின்பாட்டுக்காரர், மகுடம் அடிக்கிற இரண்டு பேர், பெண் வேடம் கட்டிச் சலங்கையோடு ஆடுகிற ஆண்கள் இருவர். பிறப்பால் கணியான் சமூகத்தைச் சேர்ந்தவர்களே இதை நடத்துகிறார்கள். மகுடம் என்பது மரவளையத்தில் தோல் போர்த்திய ஒற்றைமுக வாத்தியம். இரண்டில் ஒன்று உச்சம், இன்னொன்று மந்தம். உச்சம் கணீரென்று பேசும், மந்தம் வயிற்றுக்குள் இறங்கும்.

கூத்து தொடங்குவதற்கு முன்னால் பந்தலுக்குப் பின்பக்கம் போய்ப் பாருங்கள். காய்ந்த ஓலையைக் கொளுத்தி, அந்தத் தீயின் மேல் மகுடத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருப்பார்கள். ஒரு சுற்று, விரலால் ஒரு தட்டு, காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டு, மறுபடி தீ. தொய்ந்த தோல் விறைக்க விறைக்கச் சத்தம் ஏறிக்கொண்டே போகும். ஒரு பெரியவர் ஐந்தாறு தடவை சூடு காட்டியும் திருப்தியில்லாமல், “இன்னும் உறங்குது” என்று முணுமுணுத்தபடி மறுபடி குனிந்ததைப் பார்த்திருக்கிறேன். நடு இரவில் பனி இறங்கினால் கூத்துக்கு நடுவிலும் இந்தத் தீக்கு ஓடுவார்கள்.

அப்புறம் அண்ணாவி காதில் கையை வைத்து ஒரு இழுப்பு இழுப்பார். மைக்கே வேண்டாம் என்று தோன்றும். அந்தக் குரலும் மந்தத்தின் அடியும் சேரும் இடத்தை எந்தப் பதிவிலும் நான் கேட்டதில்லை. செல்பேசி ஸ்பீக்கரில் மந்தம் காணாமலே போய்விடும்.

நையாண்டி மேளத்துக்கு அறிமுகம் தேவையில்லை. நாகசுரம், தவில், பம்பை, தாளம், கூடவே கரகாட்டம். இரவு 9 மணிக்கு ஊரே சிரித்துக்கொண்டிருக்கும். பேச்சு சில சமயம் பச்சையாகப் போகும், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லையே?

நீங்கள் போனது மாலை 7 மணிக்காக இருக்கும். அந்த நேரத்தில் காப்பு விருத்தம், குருவடி பாடுவது, அவையடக்கம், நாட்டு வளம் என்று முறை போய்க்கொண்டிருக்கும். கதை தொடங்கவே நேரமாகும். கைலாசத்தில் விளக்குச் சுடரிலிருந்து சுடலை பிறக்க வேண்டும், சுடுகாட்டுப் பிணத்தைத் தின்றதால் அங்கிருந்து பூலோகத்துக்கு அனுப்பப்பட வேண்டும். அவசரப்படுத்த முடியாது.

கதை அதன் முக்கியமான இடத்துக்கு வருவதும் சாமக்கொடைப் பூசையும் ஒன்றாகச் சேருகிற மாதிரி புலவர் நேரத்தை ஓட்டுவார். சாமி பிறக்கிற இடம், அல்லது மனிதராக வாழ்ந்து வெட்டுப்பட்டுச் சாமியானவர் கதை என்றால் அந்த வெட்டு விழுகிற இடம். அங்கே வில்லின் வேகம் இரண்டு மடங்காகும். மணிகள் தனித்தனியாகக் கேட்காமல் ஒரே சரசரப்பாக மாறும். சாமியாடிக்கு அருள் வரும், பெண்கள் குலவையிடுவார்கள். இதெல்லாம் நள்ளிரவை ஒட்டி. 7 மணிக்கு வந்து 8 மணிக்குப் போகிறவர் முன்னுரையை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடுகிறவர்.

ஒன்று மட்டும்: இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு. நகரத்துக்குள் பல இடங்களில் பத்துக்குக் குழாயை அணைத்துவிட்டு, பந்தலுக்குள் கேட்கிற அளவில் நடத்துவார்கள். என்னைக் கேட்டால் அது நல்லதுக்குத்தான். குழாய் ஸ்பீக்கர் அலறும் வரை குடத்தின் சத்தம் உங்களுக்குக் கேட்கவே கேட்காது.

யாரும் அழைக்காமல் போகலாமா?

போகலாம். சாமி பார்க்க வந்தவரை எதற்கு வந்தாய் என்று கேட்கிற வழக்கம் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, முதலில் சாமியைக் கும்பிட்டு, திருநீறு வாங்கிக்கொண்டு ஓரமாக உட்காருங்கள். கும்பிடுகிற பழக்கம் இல்லையென்றால் அமைதியாக நின்றுவிட்டு வந்தாலும் போதும். பானக்காரம் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். சாமியாடி வருகிற வழியை விட்டு விலகி நில்லுங்கள். கையில் அரிவாள் இருக்கும்.

“தம்பி எந்த ஊரு? யாரு வீட்டுக்கு வந்திருக்கிய?” என்று ஒருவர் கேட்பார். பாதி விருந்தோம்பல், பாதி உங்கள் சாதி என்ன என்று அறிகிற வழி. மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன்: கொடைகள் பெரும்பாலும் ஒரு சமூகத்தின், ஒரு குடும்பக் கூட்டத்தின் விழா. தலைக்கட்டு வரி கொடுப்பவர் யார், கும்பம் எடுப்பவர் யார் என்பதில் அந்தக் கணக்கு இருக்கும். இரண்டு தரப்புக்கும் மனத்தாங்கல் இருக்கிற ஊரில் கொடையன்று போலீஸ் வேன் நிற்கும். அங்கே அறிமுகமில்லாமல் போக வேண்டாம். வகுப்பில் அந்த ஊர்ப் பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும், அவனோடு போங்கள். “காலேஜ்ல கூடப் படிக்கான்” என்ற ஒரு வார்த்தை எல்லாக் கேள்விக்கும் பதில்.

கோயிலுக்கு வந்து ஆடிப் பாடி, சில சடங்குகளில் சொந்தக் கையைக் கீறி ரத்தம் கொடுக்கிற கணியான்களுக்கே சாப்பாட்டுப் பந்தியில் எந்த இடம் என்று பார்த்தால் இன்னும் சில விஷயங்கள் புரியும். எனக்குப் பிடித்த இசையோடு சேர்ந்துதான் இதுவும் வருகிறது.

பெண்கள் தனியாகப் போகலாமா?

குடியழைப்புக்கும் மதியக்கொடைக்கும் தாராளமாக. பந்தலில் பாதிக்கு மேல் பெண்கள்தான் இருப்பார்கள். சாமக்கொடைக்கு இரண்டு மூன்று பேராகப் போங்கள். அங்கே வயதான ஓர் ஆச்சி பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டால் பாதுகாப்பும் ஆயிற்று, கதைக்கு உரையும் ஆயிற்று. “இப்ப பாரு, அவன் தலைய வெட்டப் போறான்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். சில சுடலை கோயில்களில் நள்ளிரவுச் சடங்கின் சில பகுதிகளுக்குப் பெண்களை விடுவதில்லை. சொன்னால் அது எனக்கும் உறுத்துகிறது. போவதற்கு முன்னால் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வீடியோ எடுக்கலாமா?

இப்போது எல்லாரும் எடுக்கிறார்கள், குழுக்களே யூடியூபில் ஏற்றுகின்றன. பாட்டை எடுப்பதில் தொல்லை இல்லை, புலவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் சந்தோஷப்படுவார். அருள் வந்து ஆடுகிறவர் முகத்துக்கு நேரே விளக்கைப் போட்டு எடுக்காதீர்கள். முதல் வருஷத்தில் நான் அப்படிச் செய்து, ஊர்க்காரர் ஒருவர் செல்பேசியைப் பிடுங்கி விடியும்வரை தரவில்லை. தப்பு என்னுடையது.

கலைஞர்களுக்குப் பணம் கொடுக்கலாமா?

கொடுங்கள். பாட்டு நடக்கும்போதே கையில் கொடுத்துவிடலாம். “கல்லூரி மாணவர் இன்னார் அன்பளிப்பு ரூபாய் ஐம்பது” என்று மைக்கில் உங்கள் பெயர் வந்து விழும், கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். பேசின சம்பளத்தை ஆறேழு பேர் பங்கு போட்டு, வேன் வாடகையும் போனபின் இந்த அன்பளிப்புதான் ஒரு விடியற்காலைச் சாப்பாடு.

கொடை இல்லாத மாதங்களில் என்ன செய்வது?

புரட்டாசியில் பாளையங்கோட்டைத் தசரா. ஆயிரத்தம்மன் முதலாகப் பன்னிரண்டு அம்மன் கோயில் சப்பரங்கள் மேளதாளத்தோடு தெருவில் வரும். ஹாஸ்டல் மாடியிலிருந்தே கேட்கலாம். அதே சமயம் திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசரா. வேடம் கட்டிய குழுக்கள் மேளம் அடித்தபடி ஊர் ஊராகக் காணிக்கை வாங்கப் போகும், அதனால் குலசைக்குப் போகாமலே குலசை உங்கள் தெருவுக்கு வந்துவிடும்.

பொட்டல்புதூர் தர்கா கந்தூரிக்குப் போனால் தாயிரா என்ற தோல்வாத்தியத்தை அடித்துப் பாடும் பக்கீர்களைக் கேட்கலாம். தேவாலயத் திருவிழாக்களில் பைபிள் கதை வில்லிசையும் நடப்பதுண்டு.

ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில் தனி. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வனத்துறையின் கட்டுப்பாடுகள் உண்டு, அந்த வருஷத்து அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போங்கள். அங்கே பட்டவராயன் சன்னதி இருக்கிறது. பிராமணனாகப் பிறந்து, செருப்புத் தைக்கும் குலத்துப் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் கட்டி, மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்த முத்துப்பட்டன்தான் அவர். இன்றும் சனங்கள் தோல்செருப்பு செய்து அவருக்குக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். வில்லில் அந்தக் கதையைக் கேட்டுவிட்டு அந்தச் செருப்புகளைப் பார்க்க வேண்டும்.

இதைப் படிக்கவோ ஆராயவோ வழி உண்டா?

உண்டு, அதுவும் உங்கள் காலடியிலேயே. நாங்குநேரிக்காரரான நா.வானமாமலை (1917–1980) பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு கதைப்பாடல்களைத் திரட்டிப் பதிப்பித்தார், நெல்லை ஆய்வுக் குழுவை நடத்தினார். முத்துப்பட்டன் கதையை அச்சில் கொண்டுவந்தவரும் அவர்தான். 1980-களில் தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே ஆய்வு மையம் உருவானது. ஆனால் முதலில் இரண்டு கொடைக்காவது போய்விட்டு அப்புறம் நூலகத்துக்குப் போங்கள். வரிசை மாறினால் பந்தலில் உட்கார்ந்து குறிப்பெடுக்கத் தொடங்கிவிடுவீர்கள், பாட்டு காதில் விழாது.

வில்லும் மகுடமும் போய்ச் செண்டை மேளம் வந்துவிட்டது என்கிறார்களே?

வந்துவிட்டதுதான். கேரளத்திலிருந்து முப்பது பேரை இறக்கினால் போஸ்டருக்கு ஒரு கெத்து. செண்டை மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் செண்டைக்குச் சுடலை கதை தெரியாது. அதனால்தான் செண்டை வைக்கிற ஊர்களிலும் நடுச்சாமத்துக்கு ஒரு வில்லோ மகுடமோ இல்லாமல் முடிவதில்லை.

ஹாஸ்டல் கதவை 9 மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள். நான் என்ன செய்ய?

என் ஹாஸ்டலிலும் அப்படித்தான். முதல் வருஷம் முழுக்கச் சாமக்கொடையை மொட்டை மாடியிலிருந்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கேட்டேன். வார்டனிடம் அனுமதி கேட்டபோது, “பேய்க்கூத்துக்கெல்லாம் அவுட் பாஸ் கிடையாது” என்றார்.

அப்புறம்தான் ஒரு சீனியர் சொன்னார்: மதியக்கொடைக்குப் போ. பகல் 12 மணிக்கு அதே வில், அதே மகுடம், சின்ன அளவில் ஒரு உச்சம் அதிலும் உண்டு. வெயிலில் கூட்டம் குறைவு, முன்வரிசையில் இடம் கிடைக்கும். வெயிலுக்குத் தோல் தானாகவே விறைத்திருப்பதால் மகுடக்காரர்கள் தீ மூட்டக்கூட மாட்டார்கள். மூன்று மணிக்குள் திரும்பிவிடலாம். செவ்வாய், வெள்ளி என்பதால் பிற்பகல் வகுப்பு ஒன்று போகும். எந்த ஆசிரியர் வகுப்பு என்று பார்த்துப் போங்கள்.